ஜாக்கி மேல் ஜாக்கி

கும்மிடிப்பூண்டி லோக்கலில் அத்திப்பட்டில் ஏறும் அந்த நாலு பேருக்கும் சீட்டாட்டம் இல்லாமல் பொழுது விடியாது. முஸ்தபா, தானியேல், ரகு, துளசிராமன். நால்வருமே ஒரே குழாய்க் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்கள். ஆனால் 2006இல் அந்தத் திங்கட்கிழமை ஆட்டம் விளையாட்டாக இல்லை. ஆசிட் தொட்டி வேலைக்கு ஒரு ஆள் வேண்டும், யாரென்று நீங்களே முடிவு பண்ணிக்கொண்டு வாருங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். மகராசன், பழியை இவர்கள் தலையிலேயே கட்டிவிட்டார்.

பேசினால் சண்டை வரும் என்று சீட்டுக்கு விட்டார்கள். சட்டமெல்லாம் அவர்களே போட்டதுதான். இஸ்பேட் ராணி வைத்திருப்பவன் ஒருவன் பேரைச் சொல்லி அதை நடுவில் விரித்த துண்டில் போடுவான். அந்தப் பேருக்காரன் தோற்றான், தொட்டி வேலை அவனுக்கு. அவன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளக் கூடாது. வேறொருவன் 'நில்லு' என்று ஜாக்கி போட்டால் ராணி, அதைப் போட்டவனுக்கே திரும்பும். அந்த ஜாக்கியையும் இன்னொரு ஜாக்கியால் யாரும் அடக்கலாம்.

முஸ்தபாவின் கவலை வேறு. தானியேலுக்கு மூச்சிளைப்பு உண்டு. அது இவன் ஒருவனுக்குத்தான் தெரியும். துளசிராமன் காதில் விழுந்தால் சூப்பர்வைசர் காதில் விழுந்த மாதிரி, அப்புறம் தானியேலுக்கு வேலையே கிடையாது. ஆசிட் புகையில் நின்றாலோ ஆளே மிஞ்ச மாட்டான்.

கவரைப்பேட்டை தாண்டியதும் ரகு ராணியைப் போட்டான். "தானியேலுக்கு."

"நில்லு" என்று முஸ்தபா ஜாக்கியை வீசினான். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் தானியேல் கையிலிருந்தும் ஒரு ஜாக்கி விழுந்தது. பயத்தில் போட்டுவிட்டான், பாவி.

"இன்னாடா இது?" என்றான் ரகு.

"ராணிய நிறுத்தத்தான் போட்டேன். கை பதறிப்பூட்ச்சு."

துளசிராமன் நிதானமாகச் சொன்னான். "ராணிய நீ நிறுத்த முடியாதுபா. ஜாக்கிய அடக்கலாம். உன் ஜாக்கி முஸ்தபா ஜாக்கியத்தான் அடக்கிக்கீது. ராணி உனுக்குத்தான்."

"அது செல்லாத சீட்டு, திருப்பி எடுத்துக்கட்டும்" என்றான் முஸ்தபா.

"போட்ட சீட்ட எவனாவது எடுத்துக்கிறானா? நீயே சொல்லு."

எவனும் எடுத்ததில்லை. ரகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். தப்பித்தவன் வேறு என்ன செய்வான்?

"அப்ப நான் போறேன்" என்றான் முஸ்தபா.

"எதுக்கு?" துளசிராமன் தானியேலை மேலும் கீழும் பார்த்தான். "அவனுக்கு இன்னா கேடு?"

"ஒரு கேடும் இல்ல" என்று தானியேல் அவசரமாகச் சொன்னான். "நானே போறேன், வுடு." முஸ்தபாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதையும் காட்டிக்கொள்ள முடியவில்லை.

கம்பெனி கேட்டில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். "யாருப்பா?"

தானியேல் கையைத் தூக்கினான். முஸ்தபாவுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், இவனுக்கு..."

தானியேல் அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

"இவனுக்கு இன்னா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒண்ணுமில்ல சார்" என்றான் முஸ்தபா. "வேல புதுசு. கொஞ்சம் சொல்லிக் குடுங்க."