வயர் மாமாவின் நாலாவது படி

தங்கை வீட்டு ஹோம் தியேட்டருக்கு உயிர் கொடுக்கத் தெரிந்த ஒரே மனிதர் வயர் மாமா. ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், நான்கு ரிமோட், சோபாவுக்கு அடியில் புற்றுக்குள் பாம்புகள் போல வயர்கள். எல்லாம் அவரே தேர்ந்தெடுத்து, அவரே மாட்டியவை. தங்கையின் பிள்ளைகள் அவருக்கு அந்தப் பெயரை வைத்ததும் அதனால்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, கல்யாணம் ஆகாத கட்டை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போன் வரும்: "அண்ணே, சத்தம் வரல." கிளம்பிப் போவார். சத்தம் வரும், அதன் பின்னால் டீ வரும், படம் முடிந்தால் சாப்பாடு வரும். மற்ற ஆறு நாட்கள் அவர் அறையில் பேச்சுத்துணைக்கு ஃபேன் மட்டும்தான்.

ஒருமுறை தங்கை, "எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதிக் குடு, உன்னை ஏன் அலைய வைக்கணும்" என்றாள். எழுதிக் கொடுத்தார். நாலாவது படியை மட்டும் விட்டுவிட்டார்: ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்த பட்டனைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் வராது. யாரைக் கேட்டாலும் மறதி என்றுதான் சொல்வார்.

அப்படிப்பட்டவரிடம் போய் அவள் சொன்னாள்: "இந்த வயருக்கு நடுவுல பெருக்கி மாளல அண்ணே. ஒரு சவுண்ட்பார் வாங்கிடலாம்னு இருக்கோம். ஒரே ரிமோட்டாம். நீதான் கூட வந்து பாத்துச் சொல்லணும்."

தன் வேலைக்குத் தானே ஆள் எடுக்கப் போவது போல இருந்தது அவருக்கு. ஆனாலும் அவர்களோடு கடைக்குப் போனார். எதைக் காட்டினாலும் மட்டம் தட்டுவது என்று முடிவு செய்துகொண்டு போனார்.

தங்கை துணி மொத்த வியாபாரி. விலை கேட்கும்போது அவள் புருவம் ஏறுகிற ஏற்றத்தில், விற்பவருக்கே தன் சரக்கின் மேல் சந்தேகம் வந்துவிடும். அவள் கணவர் பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு மாலையில் தன் வாயை மூடிக்கொள்பவர்.

விற்பனையாளர் நீளக் கட்டை போலிருந்த ஒரு சவுண்ட்பாரை எடுத்து வைத்துப் படம் போட்டுக் காட்டினார்.

"பின்னாடி ஸ்பீக்கரே இல்லயே" என்றார் வயர் மாமா. "ஹெலிகாப்டர் எப்படித் தலைக்குப் பின்னால பறக்கும்?"

"கேட்டீங்களா?" என்றாள் தங்கை. "பின்பக்கமே இல்லாத சாமானுக்கு முழு விலையா?"

விற்பனையாளர் பத்து சதவீதம் குறைத்தார்.

"பாஸ் பத்தாது. இடி இடிச்சா நெஞ்சு அதிரணும்."

"அதிரலயாம்" என்றாள் தங்கை, செத்த வீட்டுச் சேதி சொல்வது போல.

அதிர வைக்கும் பெட்டியொன்று கூடவே இலவசமாக வந்தது.

"வசனம் நல்லாத் தெளிவாத்தானே கேக்குது..." என்று ஆரம்பித்த பல் டாக்டர், மனைவி பார்த்த பார்வையில் வாயைச் சாத்திக்கொண்டார்.

"கறுப்பு. தூசியைக் காட்டிக் கொடுத்துடும்" என்றார் மாமா, கடைசி அஸ்திரமாக. இன்னும் ஐந்து சதவீதம் போயிற்று. சுவரில் மாட்டும் கம்பியும் சேர்ந்தது. அவர் எறிந்த கல்லையெல்லாம் தங்கை பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பில் போடும்போது விற்பனையாளர் அவர் காதருகே வந்தார். "உண்மையச் சொல்லுங்க சார், ரெண்டு பேரும் வீட்டுலயே ஒத்திகை பாத்துட்டுத்தானே வந்தீங்க?"

வீட்டில் மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டிவிக்கு ஒரே வயர். பல் டாக்டர் ஒரு பட்டனை அமுக்கினார், சத்தம் வந்துவிட்டது. பத்து எண்ணலாம் என்று ஆரம்பித்த மாமா இரண்டிலேயே நிறுத்திக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்குப் போன் வரவில்லை. அவர் ஏன் சட்டையை மாற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. ஐந்தேகாலுக்கு அதைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது போன் அடித்தது.

"அண்ணே, சத்தம் வரல."

போய்ப் பார்த்தார். சவுண்ட்பாரின் வயர் டிவியிலிருந்து தானாகவே கழன்று, தானாகவே நாலாக மடிந்து, துணி மூட்டைக்குப் போடும் அந்த இரட்டை முடிச்சையும் தானாகவே போட்டுக்கொண்டு கிடந்தது.

வயர் மாமா முடிச்சைப் பார்த்தார். தங்கை ஜன்னலைப் பார்த்தாள்.

"பெரிய பிரச்சினைதான்" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "டார்ச் எடு."

இருபது நிமிடம் டிவிக்குப் பின்னால் இருந்தார். அவர் வெளியே தலை நீட்டியபோது டீ தயாராக இருந்தது.

"பத்து எண்ணினியா?" என்றாள் தங்கை, கோப்பையை நீட்டியபடி.

அவர் கை பாதியில் நின்றது. "உனக்கு... எப்ப தெரியும்?"

"சீட்டு குடுத்த மறுநாளே. சரி, குடி, ஆறிடும். அடுத்த சனிக்கிழமை மிக்ஸி கெட்டுப்போகும். அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடு."