பிளக்குக்குக் காவல்

"அண்ணா, அந்த பாயிண்ட் வாஷிங் மெஷினுக்குப் போட்டது. விடிய விடிய கார் சார்ஜ் ஏத்தினா தாங்காது. நான் தனி லைன் இழுத்துத் தர்றேன்."

"துணி துவைக்கிற கரண்ட் வேற, கார் ஓடுற கரண்ட் வேறயா? போடி, பெரிய மேதை!"

எலெக்ட்ரிக் கார் வந்த அன்று என் நாத்தனாரும் என் கணவரும் பேசிக்கொண்டது இது. அவள் பன்னிரண்டு வருடமாக எலெக்ட்ரீஷியன். அண்ணனுக்கு மட்டும் இன்னும் மூக்கு ஒழுகும் தங்கச்சி.

மூன்றாம் நாளே பிளக் சுட்டது. சுடுகிறது என்று ஒப்புக்கொண்டால் தங்கை ஜெயித்துவிடுவாளே! அதனால் இவர் ஹாலில் பாயைப் போட்டு அதற்குக் காவல் படுத்தார். மணிக்கொரு தடவை எழுந்து தொட்டுப் பார்ப்பார். பதினெட்டு வருடத்தில் என் நெற்றியை அப்படித் தொட்டதில்லை. போதாததற்கு, எங்கள் அறையிலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிப்போய் பிளக்குக்குக் காற்று வீச வைத்தார். ஃபேனைச் செருகியதும் அதே போர்டில்தான்.

ஒரு மாதம் கட்டிலில் நான் மட்டும் புரண்டேன். வாங்க என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஒரு பிளக்கோடு போட்டி போட்டுக் கெஞ்சுவதா? திமிர் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

ஞாயிறு காலை பிளாஸ்டிக் கருகும் நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தால், உருகி ஒட்டிக்கொண்ட பிளக்கைப் பிடுங்கப் போகிறார்.

"கைய வெக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே மெயினை அணைத்தேன். நாத்தனாருக்கு போனும் செய்தேன்.

அவள் வந்து மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒயரெல்லாம் கரி.

"வெளிய தொட்டுப் பாத்தா உள்ள கருகுறது எப்படிண்ணா தெரியும்? ஃபேன் வேறயா? தாலாட்டு பாடலியா?"

இவர் ஃபேனைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு மீட்டர் பெட்டியிலேருந்து தடிச்ச ஒயரு, தனி பிரேக்கர், காருக்குன்னே ஒரு பாயிண்ட். அதுவரைக்கும் கார் பட்டினி கிடக்கட்டும்."

"அப்ப இன்னிக்கு ராத்திரி நான்..." என்று பாயைப் பார்த்தார் இவர். காவல் காக்க எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் கால் அங்கேயே நின்றது.

நாத்தனார் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் பார்க்கட்டும்.

"பாயைச் சுருட்டுங்க," என்றேன். "அந்த ஃபேனோட நீங்களும் உள்ள வந்துடுங்க. நீங்க இல்லாம எனக்குத் தூக்கமே வரல."