சுந்தரேசன் எந்தக் கையை நீட்டுவான்

1

காளிகாட்டில் டிராமிலிருந்து இறங்கும்போது விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். இந்தக் கதை அப்படித்தான் பிறந்தது. முப்பத்தாறு வருஷமாக வலக்கை என்று ஒன்று இருப்பதையே நான் கவனித்ததில்லை. இப்போது சட்டைப் பொத்தான், தாழ்ப்பாள், குடை எல்லாம் சேர்ந்து என்னைப் படுத்துகின்றன. இதை இடக்கையால் எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எழுதறதுக்கு வேணா இடது கை. சாப்பிடப்படாது," என்கிறாள் என் மனைவி சாவித்ரி. சாதத்தை அவளே ஊட்டிவிடுகிறாள்.

2

1911, கல்கத்தா மைதானம். வானில் எழுந்த பந்து ஒரு கழுகைப் போல... (வேண்டாம். அடித்துவிட்டேன்.)

சனிக்கிழமை. இரண்டு சணல் கம்பெனிகளுக்குள் கிரிக்கெட். சுந்தரேசன் தற்காலிகக் குமாஸ்தா. அவன் வேலை நிரந்தரமா என்பதைத் திங்கட்கிழமை துரை முடிவு செய்வார். அணித் தலைவரும் அவரே.

கூடாரத்தில் மாமிசச் சாப்பாடு. அதனால் சுந்தரேசன் எல்லைக்கோட்டருகே மரத்தடியில் தயிர்சாதத்தைப் பிரித்தான். பாதியில் மணி அடித்துவிட்டார்கள். தண்ணீர் கூடாரத்தில்தான் இருந்தது. அதை அவன் தொடமாட்டான். எச்சில் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஆடப் போய் நின்றான்.

3

எதிரணியின் கடைசி ஆள் தூக்கி அடித்த பந்து நேரே அவனிடம் வந்தது. "தரோ, தரோ," பிடி பிடி என்று வங்காளி பாபுக்கள் கத்தினார்கள். வலக்கை அசையவில்லை. எச்சில் கையால் எதையாவது தொட்டதற்குச் சின்ன வயதில் வாங்கிய அடிகள் அப்படி. இடக்கை தானாக எழும்பிப் பிடித்துவிட்டது. (பந்து வீசியவர் காலையிலிருந்து அதே பந்தில் எச்சில் தடவித்தான் துடைத்துக்கொண்டிருந்தார். பழக்கத்துக்கு அதெல்லாம் தெரியாது.)

ஜெயித்தாயிற்று. குமாஸ்தாக்களுக்குக் கை கொடுத்தறியாத துரை ஓடிவந்து கையை நீட்டினார்.

வலக்கையில் தயிர். இடக்கையைக் கொடுத்தால் அவமரியாதை. கும்பிடலாமென்றால் அதற்கும் அந்த வலக்கை வேண்டும்.

4

முதல் முடிவு: இடக்கையை நீட்டினான். துரை முகம் சுளித்தார். திங்கட்கிழமை... எழுத மனம் வரவில்லை. அவனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

இரண்டாவது முடிவு: தயிர்க் கையை நீட்டினான். துரை சிரித்தார். எனக்குத் துரைகளைத் தெரியும். அடித்துவிட்டேன்.

சாவித்ரிக்குப் படித்துக் காட்டினேன். ஊட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"ஏன்னா, அவனுக்கு வேலை கெடச்சுதா இல்லையா?"

"தெரியலை. நீயே எழுதிடேன்."

"எந்தக் கையால?" என்று சாதம் பிசைந்த வலக்கையை விரித்துக் காட்டினாள்.

ஆகவே கை அலம்பியிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். துரை இன்னும் கையை நீட்டியபடி நிற்கிறார். சுந்தரேசனுக்கு நாளை மறுநாள் திங்கட்கிழமை.