தூத்துக்குடியிலிருந்து ஒரு மணி நேரம்

செஞ்சியில் அரங்கநாதன் விடிகாலையில் செத்துப்போனார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் சுந்தரமூர்த்தி தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். சேதி கேட்டதும் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டான். பத்து மணி நேரப் பயணம்.

பந்தலடியில் பேரம் தொடங்கியது.

"மூணு மணிக்கு எடுத்துடலாம்," என்றார் செத்தவரின் தம்பி ஏகாம்பரம்.

"ஆறு ஆவட்டும் சித்தப்பா, அண்ணன் வந்துடும்," என்றாள் மகள் ஜெயசுதா.

"ஆறுக்குப் பொழுது சாஞ்சிடும். நாலு."

இழுபறியாகி ஐந்தில் படிந்தது.

அப்போதுதான் ஜெயசுதாவின் புருஷன் விமல்ராஜ் போனை நோண்டினான். "தூத்துக்குடி ஏர்போர்ட்லேர்ந்து பாண்டிச்சேரி ஏர்போர்ட்டுக்கு நானூத்திப் பத்து கிலோமீட்டராம். ப்ளைட்டுல ஒரு மணி நேரமாம்."

வரைபடத்தில் கோடு போட்டு அளந்த கணக்கு அது. அந்த வழியில் விமானமே ஓடவில்லை என்று போனும் சொல்லவில்லை, விமல்ராஜும் தேடவில்லை.

"ஒரு மணி நேரமா?" ஏகாம்பரம் துண்டை உதறினார். "அங்கேர்ந்து கார்ல ரெண்டு மணி. மத்தியானச் சோத்துக்கே வந்திருக்கலாமே! பெத்தவன் பொணத்துக்கு பஸ் டிக்கெட்டு போதும்னுட்டான் தொர."

இளையவன் வெற்றிவேலுக்கு உண்மை தெரியும். பாண்டிச்சேரிக்கு ப்ளைட் கிடையாது, சென்னை ப்ளைட்டில் சீட் இல்லை என்று அண்ணன் காலையிலேயே சொல்லியிருந்தான். வெற்றிவேல் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது வருஷம் அப்பனுக்குப் பீ மூத்திரம் அள்ளியவன் அவன். துக்கத்துக்கு வந்தவர்களோ அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவன் எங்க வரான்?" என்றுதான் கேட்டார்கள்.

மூன்றே முக்காலுக்குப் போன் வந்தது.

"விழுப்புரம் வந்துட்டண்டா. செஞ்சி பஸ் நிக்குது. அஞ்சுக்குள்ள வந்துடுவேன்."

வெற்றிவேல் பந்தலை விட்டுத் தள்ளிப் போனான். "இங்க மொட்ட போட ஆள் வரலண்ணே. அங்கயே போட்டுக்கினு அடுத்த பஸ்ல வா."

"எடுத்துட மாட்டீங்களே?"

"நீ இல்லாமயாண்ணே?"

திரும்பி வந்தவனிடம், "இன்னாவாம்?" என்றார் ஏகாம்பரம்.

"லேட்டாவுமாம்."

ஐந்துக்குப் பிணம் கிளம்பியது. சுடுகாட்டில் நாவிதர் கத்தியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். வெற்றிவேல் அவரிடம் தலையைக் கொடுத்தான். பிறகு கொள்ளியை வாங்கினான்.

சுந்தரமூர்த்தி ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிவந்தபோது விறகு பற்றிக்கொண்டிருந்தது. அவசரத்தில் வழித்த மொட்டை; காதோரம் வெட்டி ரத்தம் இறங்கியிருந்தது.

ஏகாம்பரம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "செரைச்சிக்க மட்டும் நேரம் இருந்துச்சாடா ஒனக்கு?"

"இவன்தான் சித்தப்பா போன்ல சொன்னான்..."

எல்லாரும் இளையவனைப் பார்த்தார்கள். அவன் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது.

"நைனா எரியறப்பக்கூட பொய்யாண்ணே?" என்றான்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சாங்கியம். வெற்றிவேல் முன்னால் நடக்க, ஊர் சனம் அவன் பின்னால் போனது. அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை.