மோகன்ராஜ் கேட்ட வெண்சங்கு

சிங்கப்பூர்ப் பத்திரிகையில் மோகன்ராஜின் படத்தைக் கண்ட நாள்தொட்டு, அவன் ஒருநாள் தம் வாசலுக்கு வந்தே தீருவான் என்று திருவேங்கடம் காத்திருந்தார். படத்தில் அவன் கழுத்தில் பதக்கம், கையில் ஆல்பம். புத்தூரில் பள்ளி நாள்முதல் இருவரும் சேர்ந்து திரட்டிய, கடற்சிப்பிகள் அச்சான அஞ்சல்தலைகள் அதில் இருந்தன. கணினி படித்தவரெல்லாம் கடல் கடந்த அந்த ஆண்டுகளில், விமானமேறுமுன் "பாத்துட்டு அனுப்பறேன்" என்று ஆல்பத்தை வாங்கிப் போனவன், அங்கே தன் சேகரம் என்றே காட்சிக்கு வைத்துவிட்டான்.

ஒன்று மட்டும் அவனுக்குத் தப்பியது. ஏதோ ஒரு தீவுநாட்டு வரிசையின் கடைசி அஞ்சல்தலையில் வெண்சங்கு இருந்தது. திருமாலின் கையில் இருப்பதை ஆல்பத்தில் அடைப்பானேன் என்று, திருவேங்கடம் அதைப் பூசை மாடத்தில் பெருமாள் படத்தருகே வைத்திருந்தார். நீராடாமல் அதைத் தொடமாட்டார்.

மோகன்ராஜ் வந்தான். மறுநாள் திருப்பதியில் கண்காட்சி. அவன் நீட்டிய அழைப்பிதழில் அவன் பெயர் பொன்னெழுத்தில் மின்னியது.

"இன்னா நைனா, அப்பிடியே கீற. அந்தச் சங்கு ஸ்டாம்பு உங்கிட்டதான கீது? அது இல்லாம செட்டு மூளியா நிக்குதுடா."

"ஆல்பத்துல எம் பேரு கீதா?"

"ஒருத்தர் பேருலதான்டா எடுத்துக்கறாங்க. நீ பெருமாள் பக்தன். உனக்கெதுக்கு மெடலு?"

திருவேங்கடம் உள்ளே சென்று அதை எடுத்து வந்தார்.

"பின்னாடி பசையில ஈரம் படலையே? பட்டுட்டா ஜட்ஜு தள்ளிடுவாரு," என்று மோகன்ராஜ் கைநீட்டினான்.

"இதுவரைக்கும் படல."

பெருமானின் இதழ் தோய்ந்த சங்கு என்று பாசுரந்தோறும் உருகியவர், நாவை நீட்டி, அந்த அஞ்சல்தலையின் பின்புறத்தை நிதானமாக நக்கினார். அழைப்பிதழை இழுத்து, பொன்னெழுத்துப் பெயரின்மேல் அதை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

மோகன்ராஜின் முகம் வெளுத்தது. "சாமிகிட்ட வெச்சத எச்சில் பண்ணிட்டியேடா."

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ எடுத்துக்கினு போ. புத்தூர்க் கட்டு போட்டாலும் இனிமே இது தேறாது."

அவன் போனான். விளக்கேற்றும் வேளையில் பாசுரம் தொடங்க வாய் திறந்தார் திருவேங்கடம். நாவில் பசை இனித்தது. அந்த இனிப்பை விழுங்கிக்கொண்டு, அவன் முகம் வெளுத்ததை இன்னொரு முறை நினைத்துப் பார்த்தார்.