மணிக்கட்டில் கோடு

"இது எங்க வூட்டுக் கொயந்த இல்ல."

தனக்கொடி இதைச் சொன்னதும் வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில் லட்சுமி, என்ன ஏது என்று கேட்காமலே, தன் மகனை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அன்று காலை அந்த இரண்டு கட்டிலிலும் அடுத்தடுத்துப் பிரசவம். லட்சுமிக்குப் பையன். தனக்கொடியின் மருமகள் கன்னியம்மாளுக்குப் பெண், மூன்றாவது பெண்.

"நானா சொல்றேன்? மிஷின் சொல்லுது. அந்த அம்மா வாயாலயே சொன்னாங்க, பொருந்தலன்னு. கேட்டுப் பாரு."

அந்த அம்மா என்றது பதிவு எழுதும் அகஸ்டினாவை. சொன்னது உண்மைதான். திரையில் பிரெஞ்சில் வந்த வரியைப் படித்துவிட்டு, "என்னா இது, பொருந்தலையே" என்று தனக்குத்தானே முணுமுணுத்திருந்தாள். முணுமுணுப்பு போய்ச் சேரக் கூடாத காதில் போய்ச் சேர்ந்துவிட்டது.

உப்பளம் பகுதியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய அந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அந்த வருஷம்தான், எண்பத்தொன்பதில், பிரான்சிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் தானமாக வந்திருந்தது. கூடவே மையில்லாத ஒரு பேனா. நுனியில் சிவப்பு வெளிச்சம். ஆஸ்பத்திரியில் சேரும்போது தாயின் மணிக்கட்டில் கறுப்புக் கோடுகள் போட்ட ஒரு பட்டை கட்டுவார்கள். அதே கோடு போட்ட ஜோடிப் பட்டை, பிறந்ததும் குழந்தையின் காலுக்கு. பேனாவைக் கோட்டின் மேல் இழுத்தால் 'கீச்' என்று ஒரு சத்தம். திரையில் எழுத்து வரும். மையில் எழுதிய பெயர் குளிப்பாட்டும்போது அழிந்துபோகிறது என்றுதான் இந்த ஏற்பாடு. ஆனால் மனுஷக் கண்ணுக்கு எல்லாக் கோடும் ஒன்றுதான். பேனா சொன்னால் உண்டு.

"அத்த, நான் முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள் கன்னியம்மாள். குரல் எழும்பவில்லை. "பொண்ணுன்னு நர்சம்மா தூக்கிக் காட்டுனாங்க. இதே மூஞ்சிதான்."

"வலியில கெடந்தவளுக்கு மூஞ்சி தெரிஞ்சிதாம். ஒனக்கு இன்னா தெரியும், சும்மா கெட."

"நீ சொல்லுய்யா" என்றாள் புருஷனிடம்.

காத்தவராயன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவன். ஆற்றில் வாய் ஓயாதவன் என்று பேர். இங்கே மெதுவாக, "மிஷின் அப்பிடிச் சொல்லுதே, கன்னி..." என்றான்.

கன்னியம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். குழந்தையை மட்டும் விடவில்லை.

அகஸ்டினா பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள். நேற்று. நேற்றுத்தான்.

ஜன்னலோரக் கட்டிலில் சூசைமேரி என்று ஒருத்தி. அவள் குழந்தை பிறந்தும் மூச்சு விடவில்லை. வார்டில் ஒவ்வொரு பிள்ளையாகப் பதியும்போதும் பேனா கீச்சிட, அவள் போர்வைக்குள் சுருங்கினாள். தலைமைக் கன்னியாஸ்திரீயை எல்லோரும் மசேர் என்பார்கள். அவர்தான் பார்த்துவிட்டு, "அகஸ்டினா, அந்தச் சத்தத்தைக் கொறக்க வழியே இல்லியா?" என்று கேட்டார்.

வழி இருந்தது. பேனாவோடு வந்த அட்டையில் வரிசை வரிசையாகக் கோடுகள்; ஒவ்வொன்றும் பேனாவுக்கு ஒரு கட்டளை. தொடக்கக் கோட்டை இழுத்து, வேண்டிய கட்டளையை இழுத்து, முடிவுக் கோட்டை இழுக்க வேண்டும். சிலுவை போட்டு ஆரம்பித்து சிலுவை போட்டு முடிக்கிற ஜெபம் மாதிரி என்று அகஸ்டினா மனதில் வைத்திருந்தாள். நேற்று மாலை சத்தம் குறைக்கும் கோட்டைத் தேடும்போது கை வழுக்கி, பேனா மேல் வரிசையில் பட்டுவிட்டது. எல்லாவற்றையும் பேனா செய்த கம்பெனி வைத்தபடி ஆக்கும் கோடு அது. சத்தம் இன்னும் கூடிவிட்டது; அடடா என்று சரியான கோட்டைத் தேடிக் குறைத்தாள். குறைந்தது. அத்தோடு போயிற்று என்று நினைத்தாள்.

போகவில்லை. பேனா பிரெஞ்சை மறந்து இங்கிலீஷுக்குப் போயிருந்தது. கம்ப்யூட்டரோ பிரெஞ்சுக்காரன் வீட்டுப் பிள்ளை. கீபோர்டில் இங்கிலீஷ்காரன் ஏ வைக்கிற பொத்தானில் பிரெஞ்சுக்காரன் க்யூ வைப்பான். காலையில் தன் அடையாள அட்டையை இழுத்தபோது அகஸ்டினா என்ற பெயரே தலையிலும் வாலிலும் க்யூவோடு வந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிரெஞ்சுக் கோட்டை இழுத்துச் சரிசெய்தாள். நடுவில், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்த ஒரே ஒருத்தியை மறந்தே போனாள்.

அந்த ஒருத்திதான் கன்னியம்மாள். அவள் கைப்பட்டையைப் பேனா இங்கிலீஷில் படித்துப் பதிந்திருந்தது; குழந்தையின் கால்பட்டையைப் பிரெஞ்சில் படித்தது.

கம்ப்யூட்டர் இருந்த சக்கர மேசையை அகஸ்டினா கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"தப்பு என்னுது. கொயந்தைய யாரும் மாத்தல. பேனா நேத்து வேற பாஷையில படிச்சிட்டுது. காட்டறேன், பாருங்க."

"எனக்கு எயுத்துத் தெரியாது. எத வேணா காட்டுவ."

"எயுத்து வேணாம்மா. படம் பாக்கத் தெரியுமில்ல? கன்னி, கையக் குடு."

மணிக்கட்டில் இழுத்தாள். திரையில் நாலு எழுத்து; அதில் இரண்டு ஏ. "இந்த ரெண்டும் எப்பிடி இருக்குது, சொல்லுங்க."

தனக்கொடி வேண்டாவெறுப்பாகக் குனிந்தாள். "கூரை மாதிரி இருக்குது."

"ரெண்டு கூரை. இப்பக் கொயந்த காலு." இழுத்தாள். கீழே இன்னொரு வரி. அதிலும் அதே இடத்தில் இரண்டு கூரை.

"இப்ப சரியாத்தான் வரும். நீதான் காலையில அந்த அட்டையத் தேச்சித் தேச்சி எதையோ பண்ணிட்டியே. நேத்து இன்னா சொல்லிச்சி?"

கேள்வி நியாயமானதுதான். அகஸ்டினா அட்டையை எடுத்தாள். தொடக்கம், இங்கிலீஷ், முடிவு. மறுபடி கன்னியம்மாளின் அதே கை, அதே பட்டை. இந்தத் தடவை கூரைகள் இல்லை. அந்த இடத்தில் வால் வைத்த இரண்டு வட்டங்கள்.

"இதுதான் நேத்து எயுதினது. பாத்தீங்களா? ஒரே கை. இத நம்புனா கன்னியம்மாளே கன்னியம்மா இல்ல. வாங்க, கொயந்த காலையும் பாப்பம்."

குழந்தையின் கால்பட்டைக்கும் வால் வைத்த அதே இரண்டு வட்டங்கள்.

காத்தவராயன் திரைக்குக் கிட்டே வந்தான். படகு நம்பரைப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கி, மேல் வரியையும் கீழ் வரியையும் விரல் வைத்துப் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றான். பிறகு, யாரும் கேட்காமலே, "நம்மளுதுதான்" என்றான்.

தனக்கொடி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அத்தனை கோடுகள்.

"பாஷைய மாத்தறதுக்குக் கோடு இருக்குது. சத்தத்த மாத்தறதுக்கும் இருக்குதாம். பொண்ண ஆணா மாத்தறதுக்கு இதுல ஏதாச்சும் கோடு இருக்குதா?"

அவள் கிண்டலாகக் கேட்டிருந்தால் அகஸ்டினா பதில் சொல்லியிருப்பாள். கிண்டல் இல்லை. வீட்டில் இருக்கிற இரண்டு பேத்திகளையும் நினைத்துக்கொண்டு கேட்ட மாதிரி இருந்தது.

"இல்லம்மா" என்றாள்.

கன்னியம்மாள் சுவர்ப்பக்கமிருந்து திரும்பினாள். "அக்கா, அந்தச் சத்தத்தக் கூட்டுங்க."

"எதுக்கு?"

"எங்கத்த சொன்னது வார்டு பூரா கேட்டுது. இதுவும் கேக்கட்டும். எம்புள்ளன்னு ஒருவாட்டி சத்தமாச் சொல்லட்டும்."

அகஸ்டினாவின் கண் ஜன்னலோரம் போனது. போர்வை அசைந்தது. சூசைமேரி எழுந்து உட்கார்ந்தாள். முடி கலைந்து, முகம் வீங்கி இருந்தது.

"எனக்காவத்தான கொறச்சீங்க?"

"யார் சொன்னா..."

"தெரியும். மசேர் பேசனது காதுல வுயுந்துது. கூட்டுங்க அக்கா. என்னுது சத்தம் போடாமயே போயிட்டுது. இந்தக் கொயந்தக்காவது சத்தம் கேக்கட்டும்."

அகஸ்டினா இந்தத் தடவை மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் இரண்டு காகிதத்தால் மறைத்துக்கொண்டாள். நடுவில் தெரிந்த ஒற்றை வரிசையில் தொடக்கம், பிரெஞ்சு, உரத்த சத்தம், முடிவு. நேற்றைய பதிவை அழித்துவிட்டுக் கன்னியம்மாளின் கையில் இழுத்தாள். கீச் என்ற சத்தம் சுவர்வரை போய் வந்தது. பிறகு அந்தச் சின்னக் கால். இன்னொரு கீச்.

குழந்தை திடுக்கிட்டுக் கையை விரித்தது, வீறிட்டது. தாளாத அழுகை. காத்தவராயன் பதறிப்போய் அதைத் தூக்கினான். தூக்கத் தெரியவில்லை.

ஜன்னலோரத்தில் சூசைமேரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டேய், கயுத்து தொங்குது பாரு" என்றாள் தனக்கொடி. மகன் முழித்தான். "மூணு பெத்தவனுக்கு இன்னும் புடிக்கத் தெரியல. குடு இப்பிடி."

அவள் கை நீட்டினாள். அவன் உடனே கொடுக்கவில்லை. கன்னியம்மாளைப் பார்த்தான். அவள் கொஞ்ச நேரம் மாமியாரின் நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குடு" என்றாள்.