கதவிடுக்கு தவறிவிட்டான்

என் தம்பியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மறுநாளே நான் வேலைக்குப் போய்விட்டேன். கல்நெஞ்சுக்காரி என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். வீட்டில் இருந்து என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். அழுகை வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பசியும் வரவில்லை. தூக்கம் மட்டும் வெட்கமில்லாமல் வந்தது.

கண்ணாடிக் கடையில் எனக்கு லென்ஸ் பொருத்தும் வேலை. மெஷினில் லென்ஸை மாட்டினால் அது தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே ஓரத்தை ஃப்ரேமின் வடிவத்துக்குத் தேய்க்கும். பிறகு கையால் அழுத்திப் பொருத்தி, காதில் மாட்டும் கம்பியைச் சூடு காட்டி வளைக்க வேண்டும். மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கை செய்துவிடும். என்னைப் பார்த்ததும் முதலாளியம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"உனக்கென்ன பைத்தியமா? வீட்ல இரேன்மா."

"இங்கயே இருக்கேன்."

"அந்த விஷயம் நடந்து முழுசா ரெண்டு நாள்கூட ஆகலையே!"

அந்த விஷயம். ஊரே இப்படித்தான் பேசுகிறது. பக்கத்து வீட்டுக்காரிக்கு "இப்படி ஆயிடுச்சே". சித்தப்பாவுக்கு "போயிட்டான்". எங்கே போனான், கடைக்கா? அம்மாவிடம் வார்த்தையே கிடையாது, இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். நான் மட்டும் என்ன யோக்கியம்? வேலைக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்த தம்பி, பஸ் வந்தபோது எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். அவன் வேலை பார்த்த பார்சல் கிடங்குக்கு நான்தான் ஃபோன் செய்தேன். "தவறிட்டான் சார்" என்றேன். சூப்பர்வைசருக்கு உடனே புரிந்தது. "அடடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அடையாள அட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் நான் கடையிலிருந்து திரும்பியபோது அம்மா அவனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள்.

"அவனுக்குன்னு யார் வந்தா?" என்றாள்.

"எவ்ளோ பேர் வந்தாங்களேம்மா. வாசல்ல நிக்க இடம் இல்ல."

"உன் கடைக்காரங்க உனக்காக வந்தாங்க. தெருக்காரங்க எனக்காக வந்தாங்க. அவனுக்குன்னு யார் வந்தா?"

யோசித்துப் பார்த்தேன். சூப்பர்வைசர் வந்தார், அட்டையை வாங்கிக்கொண்டு போனார். வேறு ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

"முப்பத்து நாலு வயசு. அழறதுக்கு வெளியாள் ஒருத்தர் இல்ல. நம்ம வீட்டுக்குள்ளேயே என் பிள்ளை அநாதையா இருந்திருக்கான், எனக்குத் தெரியல பாரு."

"அப்படியெல்லாம் பேசாதம்மா."

"வேற எப்படிப் பேசறது? வீட்ல இருக்கிற நேரமெல்லாம் அந்தப் பொட்டியைத் தட்டிக்கிட்டு இருந்தானே, யார்கிட்ட பேசினான்? பேய்கிட்டயா? அவங்களுக்காச்சும் சொல்லு. யாராவது ஒருத்தர் 'ஐயோ'ன்னு சொல்லட்டும். அதைக் கேட்டாப் போதும் எனக்கு."

அம்மா எதையும் இப்படிக் கேட்டதில்லை. சரி என்றேன்.

பொட்டி என்று அவள் சொன்னது லேப்டாப்பை. அவன் அறையில் மேசைமேல் திறந்தபடியே கிடந்தது. அவன் யாரிடம் பேசினான் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றால், காதில் விழுந்திருக்கிறது. ஒரு கற்பனைக் கதை, ஏழு பாகம் வந்தாயிற்று, ஒவ்வொன்றும் தலையணை கனம். மதில் சூழ்ந்த ஒரு நகரம், அதை ஆளும் ஒரு ராணி, அவளைச் சுற்றிச் சூழ்ச்சி, படையெடுப்பு, இறக்கை முளைத்த ஓநாய்கள். எட்டாவதும் கடைசியுமான பாகம் மறுநாள் வெளியாவதாக இருந்தது. அதில் என்ன நடக்கும் என்று ஊகம் செய்வதற்கென்றே இணையத்தில் ஒரு கூட்டம். 'மதில்மேல்' என்று பெயர் வைத்துக்கொண்டு அங்கே நாள் முழுக்க அடித்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டு மேசையில் தம்பி அதையெல்லாம் என்னிடம் சொல்ல வருவான். "ஆளை விடுடா சாமி" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஆனாலும் அவனுடைய ஊகம் எனக்கு மனப்பாடம், அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறான். ராணியின் அரண்மனை வாசலில் ஏழு பாகமாக ஒரு வாயில்காப்பாளன் நிற்கிறான். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன்தான் சின்ன வயதில் ஆற்றோடு போன ராணியின் தம்பி, தினமும் அவனைத் தாண்டிப் போகிற அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்பது இவன் கட்சி. ஆதாரம்? மூன்றாம் பாகத்தில் ராணி கையுறையைத் தவறவிடுகிறாள், காப்பாளன் அதை இடது கையால் எடுத்துத் தருகிறான். ஆற்றோடு போன தம்பியும் இடது கைக்காரன். இந்த ஒரு இடது கையை வைத்துக்கொண்டு என் தம்பி எட்டு வருஷம் மல்லுக்கு நின்றிருக்கிறான்.

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே அவன் பெயர் 'கதவிடுக்கு'. அவனைக் காணோம் என்பதற்கும் ஒரு ஊகக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. அவனுக்குப் புத்தகம் முன்கூட்டியே கிடைத்துவிட்டதாம், அதனால்தான் வாயை மூடிக்கொண்டானாம். இன்னொருவன், கதவிடுக்கின் ஊகம் சரியாகிவிட்டதால் பதிப்பகத்தாரே அவனைக் கூப்பிட்டு மிரட்டிவிட்டார்கள் என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தான். 'துருப்பூட்டு' என்றொருவன், தம்பியின் பரம எதிரிபோலிருக்கிறது, ஒரே வரி போட்டிருந்தான்: "வாடா வெளியே, நாளைக்கு உன் இடது கை இருக்கா இல்லையான்னு பார்த்துடலாம்."

பஸ் ஸ்டாப் பெஞ்சை ஒருவரும் ஊகிக்கவில்லை.

அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு அவளுக்குப் பார்வை இல்லை, புரை வந்திருக்கிறது. நான் தட்டெழுதினேன்: "நான் கதவிடுக்கின் அக்கா. அவன் தவறிவிட்டான். இனி இங்கே எழுத மாட்டான். உங்கள் எல்லோரிடமும் சொல்லச் சொல்லி அம்மா சொன்னார்."

கௌரவமாக எழுதியதாகத்தான் நினைத்தேன். அனுப்பியதும் பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

"ஒத்துக்கிட்டான்யா! ஒத்துக்கிட்டான்!"

"தவறிவிட்டானா? அதைத்தானேடா எட்டு வருஷமா தொண்டை கிழியச் சொல்றோம்."

"தோத்ததைச் சொல்றதுக்கு அக்கா, அம்மான்னு குடும்பத்தையே கூட்டிட்டு வந்திருக்கான் பாரு."

"இடது கைக்கு ஒரு நிமிட மௌனம்."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நான் எழுதியதையே மறுபடி படித்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. உலகத்தில் வேறு எவனிடம் சொன்னாலும் புரிகிற வார்த்தை. யார் சொன்னது சரி, யார் சொன்னது தப்பு என்றே மூச்சு விடுகிற இந்தக் கூட்டத்துக்குத் தவறுவது என்றால் ஒன்றே ஒன்றுதான். துருப்பூட்டும் போட்டிருந்தான்: "நான் நம்ப மாட்டேன். கதவிடுக்கு தவறினாலும் ஒத்துக்கற ஜாதி இல்ல. இதுல ஏதோ தந்திரம் இருக்கு. ஓடி ஒளியாதடா."

"என்ன சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"வருத்தப்படறாங்க."

"நிறையப் பேர் போட்டிருக்காங்களா?"

"நிறைய."

"படியேன், கேக்கறேன்."

எதைப் படிப்பது? கண் அந்த வரிசையில் மேலும் கீழும் போய்வந்தது. "ஒரு நிமிட மௌனம்னு ஒருத்தர் போட்டிருக்கார்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். "நல்ல பிள்ளை. நல்லா இருக்கட்டும்."

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தப் பொடிப்பயல்கள் மேலா, அந்த ராணி மேலா, பாழாய்ப்போன என் நாகரிகத்தின் மேலா? ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன். "என் தம்பி செத்துட்டான். தோத்துப்போகல. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது செத்துட்டான். தந்திரம்னு நினைக்கிற ஆள் என்னைக் கூப்பிடுங்க." கீழே என் ஃபோன் நம்பரைப் போட்டேன்.

அந்த வார்த்தையை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லியிருக்கவில்லை. எழுதிவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மெஷினில் லென்ஸ் மாட்டியபிறகு கை காலியாக இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

பக்கம் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. முன்னால் எழுதியவை ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன, அழிக்கிறார்கள் போல. அப்போது என் ஃபோன் அடித்தது.

"நான்... துருப்பூட்டு பேசறேன்."

பையனை எதிர்பார்த்திருந்தேன். கரகரத்த, வயதான ஆண் குரல். அந்த வயதில் அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், தொண்டையைச் செருமிக்கொண்டார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவராம். ஏதோ கட்டடத்தின் மொட்டை மாடி மோட்டார் அறையிலிருந்து பேசுவதாகச் சொன்னார். பின்னால் இரும்பு உராய்கிற சத்தம் கேட்டது.

"நெஜமாவாம்மா?"

"நெஜம்தான்."

"அவனுக்கு வலிச்சுதா?"

இதை என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. "தெரியல சார். பக்கத்துல உட்கார்ந்திருந்தவங்க தூங்கறான்னு நினைச்சாங்களாம்" என்றேன்.

பின்னால் இருந்த இரும்புச் சத்தத்தை நிறுத்திவிட்டார். "காலையில எழுந்ததும் முதல் வேலை அவன் என்ன திட்டியிருக்கான்னு பார்க்கறதுதான்மா" என்றார். "ரெண்டு பேரும் நேர்ல பார்த்ததில்ல. பொண்டாட்டி போன பிறகு நான் வாயைத் திறந்து சண்டை போட்டது அவன்கிட்ட மட்டும்தான்."

அம்மா கையை நீட்டி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"நான் அவன் அம்மா பேசறேன். என் பிள்ளை ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தானே, அந்தக் காவல்காரன்தான் ராணியோட தம்பின்னு. அது சரியா, தப்பா?"

"நாளைக்குத்தான் புத்தகம் வருதும்மா. எனக்கு இனிமே அதைப் படிக்கத் தோணல."

"படிங்க. படிச்சுட்டு எனக்குச் சொல்லணும். அவனுக்குத் தெரியாமப் போயிடுச்சு. எனக்காச்சும் தெரியணும்."

"சரிம்மா" என்றார்.

அம்மாவுக்கும் இதுவரை அந்தக் கதை காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அவன் சொல்லும்போதெல்லாம் அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு "ம்" கொட்டுவாள், கேட்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

நான் கடைக்குப் போனேன், வந்தேன். ஒரு பெரியவருக்கு லென்ஸை இடம் வலம் மாற்றிப் பொருத்திவிட்டேன், அவர் படியில் தடுக்கிவிழப் பார்த்தார். முதலாளியம்மா ஒன்றும் சொல்லாமல் கழற்றி மாற்றிக் கொடுத்தார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் துருப்பூட்டு கூப்பிட்டார். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் ஃபோனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"படிச்சுட்டேன்மா."

"சொல்லுங்க."

"தப்பும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஃபோனைப் பார்த்தேன்.

"கடைசிப் பாகத்துல அந்தக் காவல்காரன் வாயைத் திறந்து பேசறான். யாரோ கொல்லனோட மகனாம். ராணிக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வெறும் காவல்காரன்தான்."

"அப்ப அந்த இடது கை?" என்றாள் அம்மா, விடாமல்.

"இடது கைக்காரங்க எவ்ளோ பேர் இருக்காங்கம்மா. நானே இடது கைதான்."

"என்னய்யா இது! எட்டு வருஷமா என் பிள்ளை அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினான். இப்படித் தடால்னு இல்லேன்னு சொன்னா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிருப்பாங்க."

"ரெண்டு தடவை படிச்சுட்டேன். ரெண்டாவது தடவை அதுக்காகத்தான் படிச்சேன். ஒரு வரியாவது அவன் பக்கம் இருக்காதான்னு." குரல் தடுமாறியது. "சரின்னு உங்ககிட்ட பொய் சொல்லிடலாம்னுதான் ஃபோனை எடுத்தேன். வாய் வரல. அவன்கிட்ட நான் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்ல. இப்ப விட்டுக்கொடுத்தா, செத்துட்டான்ல, பாவம்னு கொடுத்த மாதிரி ஆயிடும். ஜெயிச்சுட்டேன்மா. போய் அவன்கிட்ட சொல்லணும்போல இருக்கு. சொல்லி, அவன் என்னை வாய்க்கு வந்தபடி திட்டணும். எங்க போய்ச் சொல்றது நான்?"

அந்த மனிதர் அடக்கப் பார்த்து, முடியாமல், விட்டுவிட்டார்.

அம்மா ஃபோன் பக்கம் குனிந்து காது கொடுத்தாள். "அழறாரா?" என்று என்னிடம் கேட்டாள், மெதுவாக.

"ஆமாம்மா."

நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"சும்மா இரு. அழட்டும்" என்றாள். "நல்லா அழட்டும்."

எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அம்மா ஃபோனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் அழுது முடிக்கும்வரை நாங்கள் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.